முப்பது நொடி

படத்தில் ஐந்து கதைகள், ஐந்து இயக்குநர்கள்.
ஒலிப்பதிவுக்கு மட்டும் ஒருத்திதான், வெனிங்.
எல்லாக் கதையிலும் யாரோ ஒருவர்
நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கிவிட்டுப் போகிறார்.

ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும்
கையை உயர்த்திக் கேட்பாள்:
முப்பது நொடி, யாரும் அசையாதீர்கள்.
வசனத்தை வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட
அந்த அறையின் வெறும் சத்தம் வேண்டும்.
ஓர் அறை சும்மா இருப்பது
இன்னோர் அறைக்குப் பொருந்தாது.

போகோரில் ஒரு சலவைக்கடை.
ஊரார் சட்டைகளை மடிக்கிற பெண்
ஒரே ஒரு சட்டையை எப்போதும்
கடைசிக்கு வைத்துக்கொள்ளும் கதை.
முப்பது நொடி.
ஹெட்ஃபோனுக்குள்
தகரத்தில் மழையின் மிச்சம் சொட்டுகிறது,
தெருக்கோடியில் பக்சோ வண்டிக்காரன்
கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுகிறான்,
அதற்கும் அடியில் ஒரு மூச்சு.
சளி கட்டிய, லேசாக விசிலடிக்கிற மூச்சு.
கண்ணைத் திறந்து தேடினாள்.
ஃபோகஸ் பார்க்கும் ஹலோமோவான்
சிலைபோலத்தான் நின்றான்,
மூக்குதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்னொரு தடவை எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.

சுரபாயாவில் பல் மருத்துவமனை.
மருத்துவரைக் காதலிக்கும் நோயாளிக்கு
கதை முழுக்க வாய் திறந்தே இருக்கிறது,
பேச மட்டும் வழியில்லை.
நடிகை வரத் தாமதமானதால்
வெளிச்சம் பார்க்க வெனிங்கை
அந்த நாற்காலியில் சாய்த்தார்கள்.
ஹலோமோவான் அளவுநாடாவை இழுத்து வந்து
அவள் கடைக்கண்ணருகே நிறுத்தினான்.
கயுபுத்தித் தைலம் மணத்தது.
ஒரு மீட்டர் எண்பத்திரண்டு, என்றான்
யாரிடமோ.
நாடா சரக்கென்று பெட்டிக்குள் ஓடிவிட்டது.

அன்றைய முப்பது நொடியில்
கம்ப்ரெசர், குழாய்நீர், மூச்சு.

மக்காஸரில் துறைமுகம் போகும் வேனில்
யாரோ கேட்டார்கள், கல்யாணம் ஆயிற்றா?
அங்கே அதற்கு இல்லை என்று சொல்வதில்லை.
இன்னும் இல்லை என்பதற்கென்றே
ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், பெலும்.
எழுபது வயதுக்காரரும்
பெலும் என்றுதான் சொல்வார்.
பெலும், என்றாள் வெனிங்.
பெலும், என்றான் ஹலோமோவான்
ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரியைப் பார்த்து.
ஒரே சொல்லை அடுத்தடுத்துச் சொன்னதில்
இருவருக்கும் கூச்சமாகிவிட்டது.
கப்பல்கள் தெரியும்வரை பேச்சில்லை.

நான்காவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஜெனரேட்டர் இரைந்துகொண்டே இருந்தது.

ஐந்தாவது, சலதிகாவில் ஒரு பள்ளி ஆய்வகம்.
கடைசி நாள். பாதிப்பேர் மூட்டை கட்டிவிட்டார்கள்.
முப்பது நொடி, என்றாள்.
மின்விசிறியை நிறுத்தினார்கள்.
சுவர்க்கடிகாரம். பல்லி.
அதற்கும் அடியில்
எதுவுமில்லை.
கண்ணைத் திறந்தாள்.
ஹலோமோவான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்,
கன்னம் உப்பி, முகம் சிவந்து,
மூச்சை அடக்கிக்கொண்டு.
எப்போதிலிருந்து தெரியும் இவனுக்கு?
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
முப்பது தாண்டியும் அவள் கையை இறக்கவில்லை.
நாற்பத்தொன்றில் அவன் இருமிவிட்டான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நன்றி, என்று பொதுவாகச் சொல்லிவிட்டு
மைக்கைக் கழற்றினாள்.

ஜகார்த்தாவில் படத்தொகுப்பாளர் குறைபட்டார்:
சலதிகா மட்டும்தான் சுத்தம்,
மற்றதில் எல்லாம் எவனோ மூச்சு விடுகிறான்.
நான் பார்த்துக்கொள்கிறேன், என்றாள்.

வெளியீட்டு நாள். இருட்டிய அரங்கு.
ஐந்தாம் கதையில், மாற்றலாகிப் போகிற ஆசிரியரிடம்
ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டு
அந்தப் பெண் வாசலிலேயே நிற்கிறாள்.
வசனம் கிடையாது. இசை கிடையாது.
கடிகாரம். பல்லி.
அதற்கும் அடியில்,
மழையைச் சீவியெறிந்துவிட்டு
போகோரிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒன்று
லேசாக விசிலடிக்கிறது.

மூன்று வரிசை முன்னால்
ஒரு கை மெல்ல எழுந்து
தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.