ஏணிக்குத் தனிக் கூலி

பிரபு கேட்டதையெல்லாம் வரைந்தாகிவிட்டது, மிஸ்டர் பிம்.
நீங்கள் காரியஸ்தர்,
உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நடைபாதையின் இருமருங்கும் லிண்டன் மரங்கள்
போன நவம்பரில் நட்ட குச்சிகள்.
ஆளுக்கு நாற்பது வயது கொடுத்தேன்.
நிழல் கொடுத்தேன்.
அந்த நிழலில் நிற்க இரண்டு சீமாட்டிகளையும் கொடுத்தேன்;
யாரென்று கேட்காதீர்கள்,
ஆன்ட்வெர்ப்பில் இருந்தபோதே
என் குறிப்பேட்டில் குடியிருந்தவர்கள்.

அப்புறம் அந்த நீரூற்று.
நான் இங்கிருந்த பதினோரு வாரத்தில் ஒரே ஒரு நாள்
குன்றின்மேல் பையன் ஒருவன் அடைப்பைத் திறக்க,
முழங்கால் உயரம் எழும்பி
இருமி
சேறு துப்பி அடங்கியது.
படத்தில் அது கூரையைத் தொடுகிறது.

இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றார்.
இடப்பக்கத்து மாட்டுக்கொட்டிலைத் துடைத்தெறிந்து
வலப்பக்கத்தையே எடுத்துக் கவிழ்த்தேன்,
அப்பம் திருப்புகிற மாதிரி.
வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்த
ஏழு சன்னல்களையும் திறந்துவிட்டேன்;
தூரிகை திறந்த சன்னலுக்கு ஏது வரி?
இத்தனையும் பருந்தின் கண்ணிலிருந்து.
நான் ஏறியதென்னவோ
கோழிக்கூட்டின் கூரை வரைக்கும்தான்.

இந்த ஏணி மட்டும்
இருந்தபடியே இருக்கிறது.
மூன்றாம் படி முறிந்து கயிறு சுற்றியது,
யூ மர வேலியில் சாய்ந்து.
ஏணிக்கு இந்தப் பக்கம் வேலி
கத்தியால் சீவிய வெண்ணெய்,
அந்தப் பக்கம் சீப்புப் படாத தலை.
ஒபதியா ஸ்கர்ம் மணியடித்ததும்
கத்தரியைப் புல்லில் போட்டுவிட்டு
ரொட்டி தின்னப் போனவன்.
சுரம் என்றார்கள் சமையலறையில்.
இரண்டு நாள் கழித்து
யாரோ கத்தரியை மட்டும் எடுத்துப்போனார்கள்.

பிரபு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து
'அதை அழி' என்றாராம்.
அழிக்கலாம்.
ஒரு சாண் பச்சை, அரை நாள் வேலை.
ஆனால் அதற்குத் தனிக் கூலி.
எவ்வளவு என்கிறீர்களா?
படம் முழுமைக்கும் பேசிய தொகை.

சிரிக்கிறீர்கள்.
பதினோரு வாரத்தில் இதுதான் முதல் தடவை.
சரி, உயரமாக ஆணி அடியுங்கள்,
மாடிப்படி திரும்புகிற இருட்டில்.
பிரபுவின் கண் அங்கே எட்டாது.

பணத்தை எண்ணித் தாருங்கள்,
ஹெரிஃபோர்ட் வண்டி நாலு மணிக்கு.
ஒன்று சொல்ல மறந்தேன்:
காலையில் நடைபாதை வழியாக வந்தேன்.
வலப்பக்கம் ஆறாவது குச்சியை
ஆடு தின்றுவிட்டிருக்கிறது.
அந்தச் சீமாட்டிகள்
அதன் நிழலில்தான் நிற்கிறார்கள்.