தாண்டிப்போன பக்கம்

ஹாமில்டனில், பார்ட்டன் தெருவுக்குப் பின்னால்
கூடாரம் தைக்கும் பட்டறை. ஜனவரி.
கதவு திறக்கும்போதெல்லாம்
ஏரி உள்ளே வந்து போகிறது.

வேதத்தில் நான் எப்போதும் தாண்டிப்போகும் பக்கம்:
முழக் கணக்கு, திரைகள்,
ஓரத்துக்கு ஐம்பது காது, ஐம்பது கொக்கி.
கடவுளுக்கு எதற்கு இவ்வளவு தையல் விவரம் என்று
கொட்டாவி விட்டிருக்கிறேன்.
இன்று சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன்.
எங்கள் வேலைச்சீட்டு மாதிரியே இருந்தது.

ஆவியால் நிரப்பினேன் என்கிறார்.
உடனே பிரசங்கம் இல்லை, தரிசனம் இல்லை.
பொன் வேலை, கல் பதிப்பது, மரம் செதுக்குவது.
ஆட்டுமயிர் திரித்த பெண்களிடம் இருந்ததற்கும்
ஞானம் என்றே பெயர்.

சபையில் நாங்களும் ஞானம் கேட்கிறோம்,
பிள்ளைகளின் பரீட்சைக்கு, குடியுரிமை நேர்காணலுக்கு.
விரலுக்கென்று யாரும் கேட்டதில்லை.

பக்கத்து மெஷினில் ல்யூபிட்சா.
எட்டு வயது இளையவள்.
கடவுளா, அவருக்கு வேறு வேலை இல்லையா என்பாள்.
அவள் தைத்த மூலையில் தண்ணீர் இறங்காது.
என்னுடையதில் இறங்கும்,
பதினொரு வருட ஜெபத்தோடு இறங்கும்.

கோபம்தான். மறைப்பானேன்.
கேட்டவள் நான், கிடைத்தது அவளுக்கு.

நாலு மணிக்கு என் துணியை இழுத்துப் பார்த்தாள்.
"நூலை முறைக்காதே, விடு."
என் மணிக்கட்டைப் பிடித்து
அரை அங்குலம் திருப்பினாள்.

குழாயைத் திறந்து மூலைமேல் விட்டோம்.
ஒரு சொட்டு இல்லை.

சொல்லிக்கொடுக்கும் மனதையும் அவரே வைத்தாராம்.
அதே பகுதியில்தான், சற்றுத் தள்ளி இருக்கிறது.
ல்யூபிட்சாவிடம் சொல்லவில்லை, சிரிப்பாள்.
காபி வாங்கிக் கொடுத்தேன்,
இரண்டு சர்க்கரை.