கலைச்சொற்கள், சில திருத்தங்களுடன்

நொய்யலுக்கு மேற்கே
சாயத்தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம்.
மாடியில் ஆய்வகம், ஒழுகும் ஏசி.
ஆபரேட்டர்களுக்குத் தமிழில் கையேடு வேண்டுமாம்.
நுண்ணுயிர்ச் சொற்களை எழுதித் தரும் வேலை எனக்கு.

இனாகுலத்துக்கு 'உறை' என்று எழுதினேன்.
"தயிருக்கு ஊத்தறதுதானுங்களே" என்றார் நாச்சிமுத்து.
அன்றைக்கே வாளியோடு போய்
மூன்றாம் தொட்டிக்கு உறை ஊற்றினார்.

லேக் ஃபேஸுக்குச் சொல் சிக்கவில்லை.
ஒடிசாவிலிருந்து இறங்கிய பையன்கள்
முதல் வாரம் தண்ணி பிடிக்காமல்
செட்டில் சுருண்டு கிடப்பார்களே, அது என்றேன்.
எல்லாருக்கும் விளங்கியது.
கையேட்டில் அப்படிப் போட முடியாது என்றார் மேனேஜர்.

காலனிக்கு வந்தபோது பேனா நின்றது.

தனியே விழுந்த ஒற்றைச் செல்
இரவெல்லாம் பிளந்து பிளந்து
விடியும்போது கண்ணுக்குத் தெரிகிற புள்ளி.
பாடம் அவ்வளவுதான்.
எங்கள் பக்கம் கேட்பது வேறு:
"ஊருங்களா, காலனிங்களா?"
வேலைக்குச் சேர்ந்த அன்று இங்கேயும் கேட்டார்கள்,
ஒரு 'ங்க' குறையாமல்.

'கூட்டம்' என்று போட்டுவிடலாமே என்றார் மேனேஜர்.
கூட்டம் தெரியும்.
ஜாதகத்துக்கும் முன்னால் விசாரிப்பது.
ஒரே கூட்டமென்றால் பங்காளி,
பெண் எடுக்க மாட்டார்கள்.
ஒரே செல்லின் வழிவந்த அத்தனையும் பங்காளிகள்தாம்,
அறிவியல்படி பிழையில்லாத சொல்.
அடித்துவிட்டு
காலனி என்றே எழுதினேன், கொட்டை எழுத்தில்.

கண்டாமினேஷனுக்கு ஒருவர் 'தீட்டு' என்றார்,
விளையாட்டாகத்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன்,
கீழே பம்ப் ரூம்வரை கேட்டிருக்கும்.

தூய வளர்ப்பு: வேறெதுவும் கலவாதது.
பஞ்சடைத்த குடுவையில் ஆறு மாதம் பேணி
தொட்டியில் விட்டோம்.
மூன்றாம் நாள் செத்துப்போனது.
சிவப்புச் சாயத்தைத் தின்று தீர்த்தவை
அடிச்சேற்றில் ஒன்றோடொன்று பிசைந்து கிடந்தவை;
இன்னது இன்னதென்று
எனக்கே பெயர் தெரியாது.
அதற்கு ஒரு சொல் வேண்டும்.
கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

முந்நூறைத் தாண்டினால் எண்ணாதே என்பது விதி.
அதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை:
'எண்ணி மாளாது.'

நேற்றைய தட்டு அப்படித்தான் இருந்தது.
எண்ணி மாளாது என்று ரெஜிஸ்டரில் எழுதி
கையெழுத்தும் போட்ட பிறகு
ஸ்கெட்ச் பேனாவை எடுத்து
தட்டின் முதுகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
பாதித் தட்டுகூட ஆகவில்லை,
கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.