கால் ஊன்றாமல்

மருத்துவச் சான்றிதழுக்கு நுகேகொடையில் ஒரு காலை.
எழுத்துப் பரீட்சைக்கு வெரஹெரவில் ஒரு காலை.
நாற்பது கேள்வியில் முப்பத்தேழு சரி.
பிழைத்த மூன்றில் ஒன்று:
மஞ்சள் கடவையில் ஆள் நின்றால்
சாரதி என்ன செய்யவேண்டும்?
இத்தனை காலம் கடவையில் நின்ற ஆள் நான்தான்.
மற்றப் பக்கத்தை யோசித்ததில்லை.

பிறகு எல் போர்டு.

ஞாயிறு காலை ஆறு மணி.
மட்டக்குளியில் லொறிகள் வந்து சேருமுன்
கொள்கலன் யார்டுக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி.
யோகட் கோப்பைகளில் மண் நிரப்பி
றிஸ்மின் எட்டுப் போடுகிறான்.
அவனுக்கு இருபத்திரண்டு. எனக்கு நாற்பத்தொன்று.
"அக்கா, சில்லைப் பார்க்காதீங்க,
போற இடத்தைப் பாருங்க" என்கிறான்
தன் போனைப் பார்த்தபடி.

கிளச்சை மெல்ல மெல்ல விடவேண்டும்.
விடுகிறேன். வண்டி விக்கும், குலுங்கும், செத்துவிடும்.
மற்றவர்களின் நரம்பு தேடுவதுதான் என் தொழில்.
விடியப்புறம் வீடு வீடாய்ப் போய்
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின்
முழங்கை மடிப்பைத் தடவி
ஒரே குத்தில் இரத்தம் எடுக்கிற கை இது.
இந்தக் கைக்கு ஒரு கம்பியின் இழுவை பிடிபடவில்லை.

மாதிரிகள் ஐஸ் பெட்டியில்,
பெட்டி என் மடியில்,
நான் நூறாம் இலக்க பஸ்ஸில்,
பஸ் பம்பலப்பிட்டியில் அசையாமல்.
ஆட்டோவில் போனால் சம்பளத்தில் பாதி ஆட்டோவுக்கு.
"லைசன்ஸ் எடுங்க, வண்டி லேப் தரும்"
என்றார் மனேஜர்.

ஒரு ஞாயிறு, எட்டின் இடுப்பில்
ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது.
"ஹோன் அடிக்காதீங்க, சுத்திப் போங்க."
போனேன். நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து
மூடிக்கொண்டது.
அன்றைக்குத்தான் முதன்முதலாய்
எட்டு முழுசாய் வந்தது.

ட்ரயல் அன்று நாய் இல்லை.
வெள்ளைக் கோடு, சிவப்புக் கூம்புகள்,
பைலிலிருந்து என் பெயரை
மூன்று துண்டாய் உடைத்து வாசித்தார் பரிசோதகர்:
சுகிர். தம. லர்.
இரண்டாவது வளைவில்
இடது கால், என்னைக் கேளாமல், நிலத்தைத் தொட்டது.

"பஹின்ன."

இறங்கு. அவ்வளவுதான் அந்தச் சொல்.
கோபமாய்க்கூடச் சொல்லவில்லை.

ஆமர் வீதிச் சந்தி. அப்பாவின் ஸ்கூட்டர்.
பின்சீற்றில் நான், பதினொரு வயது.
மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து அதே சொல்.
அப்பா எஞ்சினை நிறுத்துவார்,
இரண்டு காலும் ஊன்றுவார்,
ஹெல்மட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டுவார்,
பிறகுதான் கை சட்டைப்பைக்குப் போகும்.
ஒழுங்கு மாறக்கூடாது.
அந்தப் பரீட்சையில்
கால் ஊன்றுகிறவன்தான் சித்தி.
அப்பா ஒருநாளும் பெயிலானதில்லை.

"ஆயெத் என்ன, மிஸ்" என்றார் பரிசோதகர்,
திரும்ப வாங்க.
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பப் போனேன். மழை தூறியது.
கூம்புகளைப் பார்க்கவில்லை.
எட்டின் இடுப்பில் ஒரு நாயைப் படுக்க வைத்து
அதை எழுப்பாமல் சுற்றினேன்.
இறங்கு என்று யாரும் சொல்லாததால்
இறங்க மறந்து
இன்னொரு தரம் சுற்றிவிட்டேன்.
வரிசையில் நின்ற பொடியன்கள் கைதட்டினார்கள்.

அட்டை இல்லையாம், தட்டுப்பாடு.
தற்காலிகமாக ஒரு தாள் தந்தார்கள்.
பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன்.
எல் போர்டின் ஒரு ஆணி துருப்பிடித்துக் கழலவில்லை.
றிஸ்மின் பல்லால் கழற்றப் பார்த்தான்.

இன்று விடியற்காலை, பெட்டி பின்னால் கட்டி,
கொட்டாஞ்சேனையில் ஒரு சர்க்கரை நோயாளியிடம்
போகிற வழியில் ஆமர் வீதி.
மணல் மூட்டை இருந்த இடத்தில்
போன் கவர் விற்கிற கடை, இன்னும் திறக்கவில்லை.
சிக்னல் பச்சை.
வீதியில் ஆளில்லை.
கை தானாய்க் கிளச்சை இழுத்தது,
கியர் இரண்டு, பிறகு ஒன்று.
கால் மட்டும்
இறங்கவில்லை.