கிழக்குக் காற்று

ஊர்ப்பெயரைத் திருத்தியது டாக்ஸிக்காரர்தான்:
கைபேசியைச் சொல்வதுபோல் சொல்லாதீர்கள்,
வாலை நீட்டவேண்டும். மொபீல்.

டுலூத்திலிருந்து வந்திருந்தேன்,
ஆகஸ்டிலும் ஏரிக்காற்றுக்குக் கம்பளி தேடும் ஊர்.
இங்கே விமான நிலையத்தின் கதவு திறந்ததும்
யாரோ ஈரத்துண்டை முகத்தில் போட்டார்கள்.
அது காற்றாம்.

தம்பி நீல்ஸுக்குச் சனிக்கிழமை கல்யாணம்.
மணப்பெண் ஜெனீவா. அவள் மாமா ஹாஸ்கெல்
என்னைத் தன் பழைய ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு
ஊரைத் தின்னக் கொடுத்தார்.

காலையில் வெண்ணெய் மிதக்கும் சோளக்கஞ்சி, மேலே இறால்.
சர்க்கரை கிடைக்குமா என்று கேட்டேன்.
கடையே திரும்பிப் பார்த்தது.

மதியம் கம்போ.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்த நேரத்தில்
வெண்டைக்காய் வழுக்கி உள்ளே போயிருந்தது.
வழியெல்லாம் உப்புநீரில் வெந்த வேர்க்கடலை,
தோலோடு உறிஞ்சத் தெரியாமல்
சட்டை முழுக்கச் சாறு.

வாய்க்கும் வாய்க்கும் இடையே ஊர்:
தெருவுக்கு மேலே கைகோத்துக்கொண்ட ஓக் மரங்கள்,
இரும்பில் பூப்பின்னிய பால்கனிகள்,
ஓய்வுபெற்ற போர்க்கப்பல்,
அதன் பீரங்கி நிழலில்
ஐஸ் உறிஞ்சும் பிள்ளைகள்.

பிறகு, ஒன்றும் சொல்லாமல், வடக்கே போய்
ஒரு பாலத்தடியில் நிறுத்தினார்.
ஆற்றைக் காட்டினார்.
"எங்க ஆளுங்களும் கப்பல்லதான் இந்த ஊருக்கு வந்தாங்க.
கல்யாணத்துக்கு இல்ல."
அவ்வளவுதான். என்ஜினை அணைக்கவேயில்லை.
அடுத்த திருப்பத்தில் பீச் பழம் இரண்டு கூடை வாங்கினார்,
ஒன்று எனக்கு.

வெள்ளி இரவு கழிந்து மூன்றரை மணி.
வளைகுடாவின் கிழக்குக் கரை,
வெர்லீன் அத்தை வீட்டு மாடி.
கதவு இடிபட்டது.
"ஜூபிலி! எழுந்திரு, ஜூபிலி!"
தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து
ஒற்றைச் செருப்போடு ஓடினேன்.

கரை முழுக்க விளக்குகள்.
கிழக்குக் காற்று, ஏறும் அலை, முந்தின நாள் மேகமூட்டம்,
எல்லாம் ஒத்துவந்தால்
சில கோடை இரவுகளில்
ஆழத்து நீருக்கு மூச்சு தீர்ந்துபோகுமாம்.
கழுவிக் கவிழ்த்த தட்டுகள்போல்
கரையோரம் கிடந்தன தட்டைமீன்கள்.
நண்டுகள் மரத்தூண்களில் ஏறிக் காற்றைப் பிடிக்கப் பார்த்தன.
எதுவும் ஓடவில்லை.

இரவுச்சட்டையில் அண்டை வீட்டார்,
துணி துவைக்கும் தொட்டிகள்,
பாதித் தூக்கத்தில் பாதிரியார்.
தலை நிறையச் சுருள்கிளிப்புகளோடு
முழங்கால் நீரில் ஜெனீவா,
கையில் ஈட்டி,
"நீல்ஸ், வாளி! வாளி!"
கல்யாணத்துக்கு முன் பெண்ணை மாப்பிள்ளை பார்க்கக்கூடாது என்று
அத்தை கட்டிக்காத்த சாஸ்திரம்
அலையோடு போயிற்று.

நானும் ஒன்றை அள்ளினேன்.
உள்ளங்கையில் அதன் செவுள்
திறந்தது, மூடியது,
திறந்தது.
ஹாஸ்கெல் வாளியை நீட்டினார்.
"யோசிக்காத. விடிஞ்சா போயிடும்."
போட்டேன்.
யோசித்துக்கொண்டேதான் போட்டேன்.

வெளிச்சம் வந்ததும் நீருக்கு மூச்சு திரும்பி
மிஞ்சியவை ஆழத்துக்குப் போய்விட்டன.
கரையில் என் இன்னொரு செருப்பு இல்லை;
அது மாடியில்தான் இருந்தது.

தேவாலயத்தில் மோதிரம் ஏறவில்லை.
நண்டு கடித்து வீங்கிய விரல்.
நீல்ஸ் திருகிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான்,
கடைசியில் சுண்டுவிரலில் போட்டான்.
ஆசீர்வதித்த பாதிரியார் கையிலும் ஒரு கட்டு.
ஆர்டர் கொடுத்த கோழி அடுப்படியில் ஆறிக்கிடக்க
இருநூறு பேர்
மீன் வறுவலுக்கு வரிசையில் நின்றோம்.

இப்போதெல்லாம் நான் கஞ்சிக்குச் சர்க்கரை போடுவதில்லை.
நேற்று ஹாஸ்கெலிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
காற்று கிழக்கிலிருந்து வீசுகிறதாம்,
எதற்கும் சொல்லிவைக்கிறாராம்.

ஆயிரத்துச் சொச்சம் மைல்.
வாளியை எடுத்து
வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன்.