வேறுபாடு இல்லை

டாக்டரம்மாவின் ஏட்டில் நான் நூற்றுப் பதினேழு.
தம்பி எலியோதோரோ நூற்றுப் பதினெட்டு.
கோச்சபம்பாவிலிருந்து மண்சாலையில் நாலு மணி நேரம்.
பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துவருவதுபோல்
ஈசிஜி பெட்டியைப் போர்வையில் சுற்றி
ஜீப்பில் கொண்டுவருவார் எர்மெலிந்தா சவாலா.
இருபத்திரண்டு வருஷம், ஒவ்வோர் ஆகஸ்டும்.
சாலை மறியல் நடந்த ஆகஸ்டிலும்.
(கல் அடுக்கி மறித்தவர்களில் நானும் ஒருவன்.
அவருக்காக இரண்டு கல்லை நகர்த்தினோம்.)

நான் கொத்தன்.
இந்தப் பள்ளத்தாக்கில் முக்கால்வாசி மண்சுவர் என் கை வைத்தது.
சுவர் விரிந்தால் விரிசலில் வின்ச்சூக்கா.
ராத்திரி இறங்கும், உறங்குகிறவன் முகத்தில் குடிக்கும்,
குடித்த இடத்திலேயே கழித்துவிட்டுப் போகும்.
சொறிந்த வழியாக உள்ளே போன கிருமி
இருபது வருஷம் மூச்சுக் காட்டாது.
பிறகு ஒருநாள்
ஏணியின் மூன்றாம் படி ஒன்பதாம் படியாகக் கனக்கும்.

முதல் வருஷம் திரையில் என் இதயத்தைக் காட்டினார்.
மழைநாள் ஜன்னல்போல் மங்கல்.
"இது நுனி. இங்கே சுவர் மெலிந்திருக்கிறது."
"பூசிவிடலாமா?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

மாத்திரை இரண்டு தினுசு.
ஒன்று மருந்து, ஒன்று வெறும் மாவு.
எது யாருக்கென்று எனக்குத் தெரியாது,
தம்பிக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது.
லா பாசில் ஏதோ இரும்புப் பெட்டிக்குள் கிடந்த
உறைக்கு மட்டும் தெரியும்.
அறுபது நாள் விழுங்கினோம்.
தம்பிக்குத் தோல் தடித்தது, விரல்நுனி மரத்தது.
"மருந்து எனக்குத்தான்" என்று ஊரெல்லாம் பீற்றினான்.
எனக்குப் பசி எடுத்தது, அவ்வளவே.

ஒன்பதாம் வருஷம் ஆட்டுக்குத் தழை வெட்டப் போனவன்
அரிவாளைப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப்
படுத்திருந்தான்.
அந்த ஆகஸ்டில் அவன் முறை வந்தபோது
நாற்காலியில் அவன் தொப்பியை வைத்தாள் பசிலியா,
அவன் பெண்டாட்டி.
டாக்டரம்மா நேரம் கேட்டார், தேதி கேட்டார், எழுதினார்.
பிறகு ஜீப்புக்குப் பின்னால் போய்
வெகுநேரம் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உறை உடைத்த வருஷம் ஆகஸ்டுக்கு முன்பே வந்தார்.
பெட்டி இல்லை, கையில் ஒரு தாள்.
"உங்களுக்கு மாவு. தம்பிக்கு மருந்து."
வேகவைத்த சோளம் வைத்தோம்.
ஒவ்வொரு மணியாகத் தோலுரித்தார், தின்னவில்லை.
ரத்தத்தில் கிருமி குறைந்ததாம்.
இதயம் மட்டும் கேட்கவில்லையாம்.
மருந்து தின்றவர், மாவு தின்றவர்,
ரசமட்டத்துக் குமிழிபோல் நடுவில் நின்றது கணக்கு.
பதின்மூன்று வருஷத்துக்குத் தாளில் ஒரே வரி:
வேறுபாடு இல்லை.

எனக்குக் கோபம் வந்தது.
"ஒருத்தன் மண்ணுக்குள். ஒருத்தன் சோளம் தின்கிறான்.
வேறுபாடு இல்லையா?"
அவர் மறுக்கவில்லை.
"உங்கள் இருவரை மட்டும் எடுத்தால்
மாவே நல்ல மருந்து என்றாகும்" என்றார்.
"அதனால்தான் இருவரை மட்டும் எடுப்பதில்லை."
இதைச் சொல்லும்போது குரல்
ஈரச்சுவரைத் தட்டினால் வருமே, அப்படி இருந்தது.
போகும்போது பசிலியாவின் பேத்திக்கு வயது கேட்டார்.
விரிசல் விடுவதற்கு முன்பே கொடுத்துப் பார்க்க வேண்டுமாம்.
"அதற்கும் இருபது வருஷம் ஆகும்" என்றேன்.
"ஆகும்" என்றார். அவருக்கு அப்போது அறுபத்தொன்று.

இந்த ஆகஸ்டு பசிலியா வீட்டுச் சுவரில் நின்றிருந்தேன்.
கீழே அதே ஜீப், புதிய ஏடு, முழு வெள்ளைத் தலை.
"குழைத்தது காய்ந்துவிடும், டாக்டரம்மா."
"ஐந்து நிமிஷம்."
சில்லென்ற பிசின் மார்பில் ஒட்ட
கோடு ஊர்ந்து வந்தது.
காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
"போன வருஷம் மாதிரியேதான்."
"வேறுபாடு இல்லையா?"
இந்தமுறை சிரித்துவிட்டார்.

நான் ஏறிப் பார்த்தேன்.
சட்டியில் சிமென்ட் கல்லாகியிருந்தது.
மறுபடி குழைத்தேன்.