பென்சில் றோஸ்டர்

இந்த மாதமும் பென்சிலால்தான்.
பேனையால் எழுதினால் தாள்தான் வீண்.

நிலூஷி மிஸ்ஸி பேர்மிங்காம் போனாள்.
பஸீஹா றியாத்துக்கு.
புதிய டொக்டர் எவரிடமும் சொல்லவில்லை;
லொக்கரை உடைத்தபோது
ஒரு சோடி செருப்பும்
பாதி தீர்ந்த சித்தாலேப்பவும் இருந்தன.

முப்பத்திரண்டு கட்டில்.
கீழே பாய் போட்டுக் கிடப்பவர்கள் வேறு.
இரவுக்கு இரண்டு பேர்.
தர்மினியை மூன்று கட்டங்களில் எழுதி
வெள்ளியை மட்டும் அழித்தேன்.
வெள்ளி பின்னேரம் அவளுக்கு
வெள்ளவத்தையில் ஜெர்மன் வகுப்பு.

சேலைன் மாற்றும்போதும் பாடம்தான்,
வாய்க்குள்:
வோ டூட் எஸ் வே?
எங்கே நோகிறது?
வோ டூட் எஸ் வே?

பதினோராம் கட்டில் மட்டக்குளிக்காரருக்கு
என்ன விளங்கியதோ,
போர்வையை விலக்கிக் காட்டினார்.
"இஞ்சதான் பிள்ளை,
விலாவுக்குக் கீழ.
முந்தாநாள் தொடக்கம்.
ஒருத்தரும் கேக்கேல்ல."

அவள் கொப்பியைச் சட்டைப்பைக்குள் செருகி
அந்த இடத்தில் கை வைத்தாள்.
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
வீக்கம்.
டொக்டருக்கு அடித்தேன்.
அவர் நாலு வாட்டுக்கு ஒருவர்,
வரும்போது ஒரு மணி.

மேசைக்குத் திரும்பி
ரப்பர் தூளை ஊதிவிட்டு
அடுத்த மாதத் தாளில் அவள் பெயரை எழுதினேன்,
அழுத்தாமல்.